துவாரகா: திறந்தவெளியைத் திட்டமிடுவதில் மக்களுக்கு இடம் எங்கே?

புது தில்லி: தலைநகரின் துணை நகரமான துவாரகாவில் பூங்காக்கள், குளங்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவற்றைத் திட்டமிடும்போது அப்பகுதி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால், அந்த வழி எந்தக் கட்டத்தில் திறக்கிறது, யாருக்குத் திறக்கிறது என்பதில்தான் சிக்கல் உள்ளது.

இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்துக்கு மேற்கே, 1980-களின் இறுதியில் "பாபன்கலான் திட்டம்" என்ற பெயரில் தில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) தொடங்கிய நகரம் இது. சுமார் 5,648 ஹெக்டேர் பரப்பில், ஏறத்தாழ 10 லட்சம் பேருக்காகத் திட்டமிடப்பட்டது. 2005 டிசம்பர் 31-ஆம் தேதி மெட்ரோ ரயில் வந்து சேர்ந்த பிறகு, நூற்றுக்கணக்கான கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் அடுக்குமாடிகளில் குடியேற்றம் வேகம் பிடித்தது. மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற தமிழ்க் குடும்பங்கள் பலவும் இங்கு வசிக்கின்றன.

அகலமான சாலைகள், எண்ணிட்ட செக்டார்கள், ஒவ்வொரு செக்டாருக்கும் பசுமைப் பரப்பு என்பது காகிதத்தில் இருந்த வாக்குறுதி. அந்த வாக்குறுதியை யார் நிறைவேற்றுவது, அதில் மாற்றம் செய்யும் உரிமை யாருக்கு என்பதே இன்றுவரை தொடரும் விவாதம்.

கணக்குச் சொல்லும் அளவு

2007 பிப்ரவரி 7-ஆம் தேதி அறிவிக்கை செய்யப்பட்ட தில்லி முழுமைத் திட்டம்-2021 (மாஸ்டர் பிளான்) பூங்காக்களைப் படிநிலையாகப் பிரிக்கிறது. 250 பேர் வசிக்கும் குடியிருப்புத் தொகுதிக்கு 125 சதுர மீட்டரில் குழந்தைகள் விளையாடும் இடம். 5 ஆயிரம் பேருக்கு அரை ஹெக்டேர் பூங்கா. 10 ஆயிரம் பேருக்கு ஒரு ஹெக்டேர். ஒரு லட்சம் பேருக்கு 5 ஹெக்டேர் சமுதாயப் பூங்கா. 5 லட்சம் பேருக்கு 25 ஹெக்டேர் மாவட்டப் பூங்கா. 10 லட்சம் பேருக்கு 100 ஹெக்டேர் நகரப் பூங்கா.

பத்து லட்சம் பேருக்கு இந்த அளவுகளைப் பொருத்திக் கூட்டினால் சுமார் 450 ஹெக்டேர் வருகிறது. அதாவது தலைக்கு நாலரை சதுர மீட்டர். இதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நகர, மாவட்ட அளவிலான பெரிய பூங்காக்கள். எஞ்சிய மூன்றில் இரு பங்கு வீட்டை விட்டு இறங்கி நடந்து செல்லும் தொலைவில் அமைய வேண்டிய சிறிய, நடுத்தரப் பூங்காக்கள்.

முதியவர்களும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மார்களும் பயன்படுத்துவது இந்தச் சிறிய பூங்காக்களைத்தான். ஆனால், பெரிய பூங்காவுக்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு. சிறிய பூங்காவுக்கு அப்படி எதுவும் இல்லை.

20-ஆவது செக்டாரில் சுமார் 200 ஏக்கரில் "பாரத் வந்தனா" பூங்காவுக்கு மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2019 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார். நாட்டின் பல்வேறு மாநிலங்களின் சிறப்புகளை ஒரே இடத்தில் காட்டும் நோக்கம் கொண்டது இது. தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட காலக்கெடுவுக்குள் பணிகள் முடியவில்லை. தில்லி முழுவதற்குமான சுற்றுலாத் தலமாக அது வளரலாம். ஆனால், பக்கத்துத் தெருவில் இருக்க வேண்டிய அரை ஹெக்டேர் பூங்காவுக்கு அது மாற்றாகாது.

சட்டம் கேட்பது எப்போது?

தில்லி வளர்ச்சிச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. முழுமைத் திட்டத்திலோ மண்டலத் திட்டத்திலோ மாற்றம் செய்வதற்கு முன், பொது அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபங்களையும் யோசனைகளையும் வரவேற்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 11-ஏ பிரிவு கூறுகிறது. "எந்த நபரும்" கருத்துத் தெரிவிக்கலாம். சொத்து இருக்க வேண்டும், சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால், இந்த உரிமை நிலப் பயன்பாடு போன்ற திட்டக் கூறுகள் மாறும்போதுதான் உயிர் பெறுகிறது. வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கும் நிலம் வேறு நிறத்துக்கு மாற்றப்பட்டால் அறிவிப்பு வரும். பச்சை நிறம் அப்படியே இருந்து, அதற்குள் இருப்பது மட்டும் மாறினால் அறிவிப்பு தேவையில்லை.

பூங்காவின் நடுவே உள்ள பள்ளத்தைத் தூர்த்து அலங்கார நீரூற்று அமைப்பதும், நிழல் தரும் மரங்களுக்குப் பதிலாகப் புல்தரை விரிப்பதும், இலவசத் திடலைக் கட்டணத் திடலாக்குவதும் பொழுதுபோக்குப் பயன்பாட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மாவட்டப் பூங்கா 25 ஹெக்டேருக்கு மேல் இருந்தால், வரம்புக்கு உட்பட்டு அதில் உணவகத்துக்கும் இடமுண்டு. 24-ஆவது செக்டாரில் 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் அமைக்கப்பட்டுள்ளது. அனைவரும் கட்டணமின்றி நடமாடும் பூங்காவும், கட்டணம் செலுத்தி ஆடும் கோல்ஃப் மைதானமும் திட்ட வரைபடத்தில் ஒரே பச்சைக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

ஆக, மக்களின் அன்றாட வாழ்வை அதிகம் தொடும் முடிவுகளில்தான் மக்களிடம் கேட்கும் கடமை குறைவாக இருக்கிறது.

அதிகாரம் யாரிடம்?

இதற்கு அரசியல் காரணமும் உண்டு. 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நகர்த் திட்டமிடல், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் ஆகியவை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என அதன் பன்னிரண்டாவது அட்டவணை பட்டியலிட்டது. தில்லியில் அது முழுமையாக நடக்கவில்லை.

தில்லிச் சட்டப்பேரவையை உருவாக்கிய 239-ஏஏ பிரிவு, பொது ஒழுங்கு, காவல் துறை ஆகியவற்றுடன் நிலத்தையும் பேரவையின் அதிகார வரம்புக்கு வெளியே நிறுத்தியது. டிடிஏ, மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் தலைவர் துணைநிலை ஆளுநர். பேரவை உறுப்பினர்கள் மூவருக்கும் மாநகராட்சிப் பிரதிநிதிகள் இருவருக்கும் ஆணையத்தில் இடமுண்டு. முடிவைத் தீர்மானிக்கும் எண்ணிக்கை அவர்களிடம் இல்லை.

பூங்கா பற்றிப் புகார் கூற வார்டு கவுன்சிலரைத் தேடிச் செல்லும் துவாரகாவாசிக்கு, "அது டிடிஏ நிலம்" என்ற பதில் கிடைத்தால் வியப்பதற்கில்லை. வாக்குக் கேட்டு வருபவரிடம் நிலம் இல்லை. நிலம் வைத்திருப்பவர் வாக்குக் கேட்டு வருவதில்லை.

ஊர்க்குளங்கள் போன வழி

துவாரகா வெற்று நிலத்தில் எழுந்த நகரம் அல்ல. போச்சன்பூர், அம்பர்ஹாய், பக்டோலா, பம்னோலி, தூல்சிரஸ், பர்த்தல் போன்ற கிராமங்களின் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் செக்டார்களாக மாறின. நம் ஊரில் நத்தம் என்று சொல்லப்படுவதைப் போன்ற, "லால் டோரா" எனப்படும் குடியிருப்புப் பகுதிகள் மட்டும் அடுக்குமாடிகளுக்கு நடுவே எஞ்சின.

அந்தக் கிராமங்களில் "ஜோஹட்" எனப்படும் ஊர்க்குளங்கள் இருந்தன. மழைநீர் அவற்றில் தேங்கியது, கால்நடைகள் குடித்தன, நிலத்தடி நீர் ஊறியது. கிராமம் நகர்ப்புறமாக அறிவிக்கப்பட்டதும், 1954-ஆம் ஆண்டு தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி கிராம சபையின் பொது நிலங்கள் மத்திய அரசின் வசமாயின. குளத்தைப் பராமரித்த ஊர் அமைப்பின் அதிகாரம் அத்துடன் முடிந்தது. குளத்துக்கு நீர் கொண்டுவந்த சரிவுகளின் குறுக்கே சாலைகள் வந்தன.

தென்மேற்கு தில்லியின் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பானது. குடியேறிய முதல் ஆண்டுகளில் துவாரகாவாசிகள் தண்ணீர் லாரிகளை நம்பி வாழ்ந்தனர். தங்கள் செக்டார்களுக்குள்ளேயே பழைய குளங்கள் வறண்டு கிடப்பதை அவர்கள் கவனித்தது இந்தப் பின்னணியில்தான்.

குடியிருப்போர் சிலரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வருவாய்த் துறையின் பழைய ஆவணங்களைத் திரட்டி, எந்த இடத்தில் எந்தக் குளம் இருந்தது என்று பட்டியலிட்டு அதிகாரிகளிடம் அளித்தனர். 23-ஆவது செக்டாரில் போச்சன்பூரையொட்டிய ஜோஹட்டில், விடுமுறை நாள்களில் மண்வெட்டியுடன் இறங்கி அவர்களே வேலை செய்தனர். தமிழகத்தின் குடிமராமத்தை நினைவூட்டும் "சிரமதானம்" அது. மழைநீர் மீண்டும் அங்கே தேங்கியது.

திட்டமிடுவோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மழைக்காலத்தில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடும் என்பது அங்கேயே பிறந்து வளர்ந்த கிராமத்து முதியவருக்குத் தெரியும். அந்த அறிவைப் பதிவு செய்ய, செக்டார் வரைபடத்தில் கட்டமே இல்லை.

நீதிமன்றம் வரை சென்ற மரங்கள்

கேட்காமல் எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் போய் நிற்கின்றன. ஷாபாத் முகம்மதுபூர் பகுதியில் பிஜ்வாசன் ரயில் நிலையத்தையொட்டி, ரயில்வே மேம்பாட்டுத் திட்டத்துக்கான நிலத்தில் அடர்ந்து வளர்ந்திருந்த மரங்கள் இதற்கு அண்மைக்கால உதாரணம். அது காடா, வெறும் காலி நிலமா என்ற கேள்வி தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது.

இந்த விவாதத்தின் வேர் தமிழகத்தில் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகளைக் காக்கக் கோரி டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடர்ந்த வழக்கில்தான், அரசு ஆவணம் என்ன சொன்னாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்று 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறியது.

பூங்கா விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பேசியிருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட மனையை, முதல்வரின் உத்தரவின் பேரில் 1976-இல் தனியார் மருத்துவமனைக்கு வளர்ச்சி ஆணையம் வழங்கியது. அப்பகுதி மக்கள் வழக்குத் தொடர்ந்தனர். பொதுப் பூங்கா மனையைத் தனியாருக்கு மாற்ற முடியாது, அதை எதிர்த்து வழக்குத் தொடர அங்கு வசிப்பவருக்கு உரிமை உண்டு என்று 1991-இல் தீர்ப்பு வந்தது. இடையே கழிந்தவை 15 ஆண்டுகள். வழக்கில் வென்றாலும், காத்திருந்த குழந்தைகள் அதற்குள் வளர்ந்துவிடுகின்றனர்.

யாருடைய குரல்?

மக்கள் பங்கேற்பு என்றதும் தில்லியில் முதலில் அழைக்கப்படுவது குடியிருப்போர் நலச் சங்கங்கள். முதல்வர் ஷீலா தீட்சித் அரசு 2000-ஆம் ஆண்டு தொடங்கிய "பாகீதாரி" திட்டம் இந்தச் சங்கங்களை அதிகாரிகளுடன் ஒரே மேஜையில் அமர்த்தியது. 2005-இல் ஐ.நா.வின் பொதுச் சேவை விருதும் அதற்குக் கிடைத்தது. அதேசமயம், அங்கீகரிக்கப்பட்ட காலனிகளின் குரலே அதில் ஓங்கி ஒலித்தது, குடிசைப் பகுதி மக்கள் வெளியே நின்றனர் என்ற விமர்சனமும் எழுந்தது.

அந்த விமர்சனம் துவாரகாவுக்கும் பொருந்தும். பூங்காவுக்கு வேலியும் பூட்டும் கேட்பவர்கள் ஒருபுறம். அதே பூங்காவில் நண்பகலில் சற்றுத் தலைசாய்க்கும் ஓட்டுநர், வீட்டுப் பணிப்பெண், காவலாளி மறுபுறம். மாலையில் கிரிக்கெட் ஆடும் கிராமத்து இளைஞர்கள் ஒருபுறம். நடைபயிற்சிக்கு அமைதி வேண்டும் என்போர் மறுபுறம். சங்கத்தின் கடிதத்தாளில் வரும் கருத்தை மட்டும் மக்களின் கருத்து என்று எடுத்துக்கொண்டால், பூங்காவை அதிக நேரம் பயன்படுத்துவோர் கணக்கில் வராமலே போவர்.

33 ஆயிரம் கருத்துகள்

மக்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று யாரும் வாதிட முடியாது. தில்லி முழுமைத் திட்டம்-2041 வரைவு, 2021 ஜூனில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த அந்த நேரத்திலும் சுமார் 33 ஆயிரம் ஆட்சேபங்களும் யோசனைகளும் வந்தன. விசாரணைக் குழு 14 அமர்வுகளில் அவற்றைக் கேட்டது. "நானும் தில்லிதான்" என்ற பொருள்படும் "மை(ன்) பீ தில்லி" இயக்கம், வீட்டு வேலை செய்வோர், தெருவோர வியாபாரிகள் போன்றோரின் கோரிக்கைகளைத் திரட்டி அளித்தது.

பூங்காக்களையும் நீர்நிலைகளையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கும் "பசுமை-நீலம்" என்ற அணுகுமுறை அந்த வரைவில் இடம்பெற்றது. துவாரகாவின் குளங்களுக்காகக் குரல் கொடுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்ததும் அதுவே. 2023 பிப்ரவரி 28-ஆம் தேதி டிடிஏ அதற்கு ஒப்புதல் அளித்து மத்திய அரசுக்கு அனுப்பியது. 2024-ஆம் ஆண்டு முடிந்தபோதும் அது அறிவிக்கை செய்யப்படவில்லை. கருத்துச் சொன்னவர்களுக்குப் பதில் கிடைக்காதபோது, அடுத்த முறை கருத்துச் சொல்லும் ஆர்வம் குறையும்.

தமிழகத்துக்கும் இது அன்னியமான பிரச்னை அல்ல. 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி அங்கு உள்ளது. பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் பாதுகாக்க 1959-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட நிலத்தில் என்ன அமைய வேண்டும் என்று அந்தத் தெருவாசிகளிடம் கேட்கும் வழக்கம் அங்கும் வேரூன்றவில்லை.

செய்யக்கூடியது என்ன?

துவாரகா அனுபவத்தில் இருந்து சில நடைமுறை மாற்றங்களை வகுக்க முடியும். சட்டத் திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவை இவை.

பூங்காவின் உள்ளமைப்பை மாற்றும் முன், உத்தேச வரைபடத்தை அந்தப் பூங்காவின் வாயிலிலேயே ஹிந்தியில் பெரிய எழுத்தில் வைக்கலாம். கருத்துக் கேட்புக் கூட்டத்தை அலுவலக நேரத்தில் விகாஸ் சதனில் நடத்துவதற்குப் பதிலாக, மாலையில் அந்தச் செக்டாரிலேயே நடத்தலாம். சங்க நிர்வாகிகளுடன் லால் டோரா மக்களையும், அங்கு பணிபுரிவோரையும் அழைக்கலாம். ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு கேட்பதைவிட அதற்கு முன்பே கேட்கலாம். ஏற்கப்படாத யோசனை ஒவ்வொன்றுக்கும் ஏற்காததன் காரணத்தை எழுத்தில் தரலாம்.

இவற்றில் கடைசியானதே முக்கியமானது. காரணம் கூறும் கடமை வந்துவிட்டால், கருத்துக் கேட்பு வெறும் சடங்காக இருக்க முடியாது. துவாரகாவில் கட்டப்படாத நிலம் ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. குளத்தின் மீதும் மரத்தின் மீதும் எழும் கட்டடத்தை அடுத்த முழுமைத் திட்டத்தால்கூட அகற்ற முடியாது. எனவே, கேட்க வேண்டியவர்களிடம் கேட்பதற்கு டிடிஏவுக்கு எஞ்சியிருக்கும் காலம் அதிகமில்லை.