கண்ணாடி தூக்கும் கைகள்

பெங்களூரு, ஐதராபாத், குருகிராம் போன்ற நகரங்களில் 1990களுக்குப் பிறகு கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடங்கள் பெருகின. கண்ணாடி பொருத்தும் கம்பெனிகளும் வளர்ந்தன. வேலை குவிந்தது. கூடவே அவசரமும் வந்தது. அந்த அவசரம்தான் ஆபத்து.

கண்ணாடி பார்க்க லேசாக இருக்கும். தூக்கினால்தான் தெரியும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி, 1 சதுர மீட்டருக்கு 30 கிலோ. அகலம் 2 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் 180 கிலோ! மூன்றரை சிமெண்டு மூட்டைக்கும் மேல்.

இதைத் தூக்கக் கிரேன் வேண்டும். சிறிய கண்ணாடியைப் பலர் சேர்ந்து தூக்குவார்கள். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடியை அதில் ஒட்டுவார்கள். தூசி இருந்தால் பிடி நிற்காது. அதனால் முதலில் துடைப்பார்கள். கண்ணாடியை நிமிர்த்தியே கொண்டு போக வேண்டும். படுக்கைவாட்டில் தூக்கினால் வளைந்து உடையலாம். குரல் கொடுப்பவர் ஒருவர்தான். “தூக்கு”, “நில்”, “இறக்கு” எல்லாம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். இரண்டு பேர் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

கண்ணாடி நழுவினால்? பிடிக்கப் பாயக் கூடாது. விட்டு விலக வேண்டும். விளிம்பு பட்டால் கை நரம்பே அறுந்துவிடும். இதை முதல் நாளே சொல்லித் தர வேண்டும். ஆனால், உடைந்த கண்ணாடிக்குக் கூலியைப் பிடித்தால், யார்தான் கையை விடுவார்?

உயரத்தில் நிற்பவர் உடலில் பாதுகாப்புப் பட்டை கட்டி, அதன் கயிற்றை உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். கீழே ஆள் நடமாடாதபடி தடுப்பு வைக்க வேண்டும். பலத்த காற்றில் கண்ணாடி பாய்மரம் போல ஆகிவிடும். ஆளையே இழுத்துக்கொண்டு போகும். அப்போது வேலையை நிறுத்திவிட வேண்டும்.