சந்தனக் காட்டின் பெண்கள்

மைசூருவில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் சந்தனம் இல்லாத வீடு அரிது. பூசைக்கும் மணவிழாவிற்கும் அதுவே முன்னிற்கும். அம்மரம் வளரும் மலைகளில் வாழும் பெண்டிர் அதன் பொருட்டுப் பட்ட பாட்டை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. மலையாளி எனப்படும் பழங்குடியினரின் ஊர். பெயரைக் கண்டு மயங்க வேண்டா, அவர்கள் பேசுவது தமிழே. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் கடத்தல் சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி அவ்வூரைச் சூழ்ந்தனர். ஆடவர் பலர் மலைக்கு ஓடிவிட, பெரும்பாலும் அகப்பட்டோர் பெண்களும் பிள்ளைகளுமே. அவர்களை ஆலமரத்தடியில் கூட்டி அடித்தனர். 18 பெண்களை ஏரிப்பக்கம் இழுத்துச் சென்று வன்புணர்ந்தனர். அவர்களுள் சிறுமியும் உண்டு; நிறைசூலியும் உண்டு. இதனைக் 'கற்பழிப்பு' என எழுதும் வழக்கத்தை நாம் கைக்கொள்ளவில்லை. அப்பெண்களிடம் அழிந்துபோனதாகச் சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. வீடுகள் சூறையாடப்பட்டன. பெண்களும் பிள்ளைகளும் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர்.

அப்பெண்கள் வாய்மூடி இருக்கவில்லை. மலைவாழ் மக்கள் சங்கத்தார் துணைநிற்க, நீதிமன்றம் ஏறினர். 1995இல் வழக்கு மத்திய புலனாய்வுத் துறைக்கு மாறியது. 269 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். தீர்ப்பு வருமுன்னரே 54 பேர் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023இல் அதே நாளில், சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலா பத்து இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. இளமையில் அடிபட்டோர் நரைத்த பின்னரே நீதி கண்டனர்!

இஃது எங்கோ நடந்தது என்று நாம் இருந்துவிட இயலாது. நம்மவர்கள் வழிபடச் செல்லும் மாதேசுவரன் மலை அன்று மைசூரு மாவட்டத்தில் இருந்தது. வீரப்பனைத் தேடிய அதிரடிப் படையின் முகாம் அங்கே நடந்தபோது, தமிழ்க் குடியானவரும் சோலிகரும் ஆண் பெண் பேதமின்றி வதைக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. தடாச் சட்டத்தின் கீழ் மைசூருச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தோரிலும் பெண்கள் இருந்தனர். பெரும்பாலோர் 2001இல் விடுதலையாயினர். நீதிபதி சதாசிவா குழு விசாரித்த பின், 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் பரிந்துரைத்தது. வாச்சாத்திப் பெண்கள் பெற்றது தண்டனைத் தீர்ப்பு. இவர்களுக்குக் கிட்டியது நிவாரணம்.