"செவுரு கடிக்குது கண்ணு!"

எங்கள் வீட்டில் 2023-ம் வருஷம் நடந்ததை எழுதுகிறேன். "இதையெல்லாம் பேப்பருக்கு எழுதுவாங்களா, அசிங்கம்" என்று என்னவர் தடுத்தார். மாமியார்தான், "நீ எழுது கண்ணு, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். அவர் சொன்ன தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

ஈரோடு பக்கம் எங்கள் வீடு. கட்டி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. வீட்டின் பின்புறத்தை நாங்கள் பொடக்காளி என்போம். துணி துவைக்கிற கல், பாத்திரம் விளக்குகிற இடம், மோட்டார் சுவிட்ச், மாடி டேங்கிலிருந்து இறங்குகிற பைப் எல்லாமே அங்கே ஒரே சுவரை ஒட்டித்தான். யார் இப்படி ஒன்றாக வைத்தார்களோ தெரியாது, நாங்களும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

வைகாசி மாதம் அந்தப் பைப் வளைகிற இடத்தில், எல்போ என்பார்களே, அங்கே சொட்ட ஆரம்பித்தது. முதலில் ஒன்றிரண்டு சொட்டுதான். ஒரு மாதத்தில் நிற்காமல் சொட்டியது. பத்து லிட்டர் பெயிண்ட் வாளியை ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு நிரம்பி வழியும். அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கும் முருங்கைக்கும் ஊற்றிவிடுவேன். வீணாகவில்லை என்று எனக்கு ஒரு திருப்தி! இந்தத் திருப்திதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தெரிகிறது.

"ஏங்க, பிளம்பரைக் கூப்பிடுங்க" என்று நான் சொல்லாத நாளில்லை. ஒரு நாள் ஒருவர் வந்து பார்த்தார். டேங்கிலிருந்து வருகிற வழியில் மூடித் திறக்க வால்வு ஒன்றும் வைக்கவில்லை, டேங்க் தண்ணீர் முழுவதையும் காலி செய்தால்தான் கை வைக்க முடியும், எல்லாம் சேர்த்து ஐநூறு ரூபாய் ஆகும் என்றார். "முப்பது ரூபா சாமானுக்கு ஐநூறா!" என்று இவர் அனுப்பிவிட்டார். அப்புறம் பள்ளிக்கூடம் திறந்து பீஸ் கட்ட வேண்டி வந்தது. அப்புறம் ஆடி மாதம், வீட்டு வேலையில் கை வைக்கக் கூடாது. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பிளம்பரின் போன் நம்பர் என்னிடமும் இருந்தது. நானே கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அது ஆண்கள் பார்க்கிற வேலை என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரே பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து, அந்த எல்போவைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே ஒரு துணியும் சுற்றினார். சொட்டு நின்றேவிட்டது! வாளியில் தண்ணீர் இல்லை. "பார்த்தியா, ஐநூறு ரூபா மிச்சம்" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

உண்மையில் தண்ணீர் நிற்கவே இல்லை. அதுவரை நேராகக் கீழே வாளியில் விழுந்தது, கட்டிய பிறகு துணி வழியாகச் சுவருக்குள் இறங்க ஆரம்பித்திருக்கிறது. பத்து நாளில் சுவர் கருத்தது. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் பொரிமாவு மாதிரி உதிர்ந்தது. மழைக்காலம் வந்ததால், மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டோம். தீபாவளியும் வந்தது. நேரமில்லாமல் வாசல் பக்கம் மட்டும் வெள்ளையடித்தோம்.

தீபாவளிக்கு முந்தின வாரத்திலிருந்தே மாமியார், "செவுரு கடிக்குது கண்ணு" என்று சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு முழங்கால் வலி. பாத்திரம் விளக்கிவிட்டு எழுந்திருக்கும்போது சுவரில் கை ஊன்றித்தான் எழுவார். கை வைத்தால் சுருக்கென்று கடிக்கிறதாம். கட்டெறும்பாக இருக்கும் என்று மருந்துப் பொடி தூவினேன். மறுநாளும் கடித்தது.

"எப்ப பாத்தாலும் கடிக்குதா அத்தை?"

"இல்ல கண்ணு, காலைல மட்டுந்தான்."

இவர் சிரித்துவிட்டார். "செவுரு காலைல மட்டும் கடிக்குமா? அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்றார். என் மகனும் பாட்டியைப் பார்க்கும்போதெல்லாம் நாயைப் போல் குரைத்துக்காட்டிச் சிரிப்பான். நான் மத்தியானம் போய் அதே இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை இருப்பவர்களுக்குக் கையும் காலும் சுருசுருவென்று இருக்கும் என்பதால் டாக்டரிடம் கூட்டிப் போனோம். நாங்கள் சொன்னதை வைத்து அவர் நரம்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாவம், ஒரு மாதம் அதையும் விழுங்கினார்.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணி. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் முழுக்க மழை. அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றேன். "கண்ணு..." என்று ஒரு சத்தம். அது கூப்பிடுகிற குரல் மாதிரியே இல்லை. ஓடிப் பார்த்தால், மாமியார் பாதி எழுந்த நிலையில் சுவரில் கையோடு நின்று நடுங்குகிறார். வழுக்கி விழப் போகிறார் என்று நினைத்து, வெறுங்காலோடு அந்த ஈரத்தில் போய்த் தோளைப் பிடித்தேன். என் கையிலிருந்து தோள் வரை யாரோ கட்டையால் அடித்த மாதிரி ஒரு அடி! இருவரும் சேற்றில் விழுந்தோம். விழுந்ததால்தான் பிழைத்தோம். மாமியாரின் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அன்றைக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, மோட்டாரைப் போட்டுவிட்டு டெஸ்டரைச் சுவரில் வைத்தார். வெறும் சுவரில் டெஸ்டர் எரிந்தது. என் வயிறு கலங்கிவிட்டது. சுவிட்சிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரில், சுவருக்குள்ளே ஒரு பழைய ஜாயின்ட் இருந்திருக்கிறது. சுற்றியிருந்த டேப் ஈரத்தில் ஊறிப் பிரிந்துவிட்டது. மோட்டார் போட்டால்தான் அந்த ஒயரில் கரண்ட் வரும். நாங்கள் மோட்டார் போடுவது காலையில் மட்டும். மாமியார் பாத்திரம் விளக்குவதும் அந்த நேரம்தான். அவர் வெறுங்காலோடு ஈரத்தில் உட்காருவார். நான் துணி துவைக்கும்போது ரப்பர் செருப்பு போட்டிருப்பேன், சுவரில் கை ஊன்றவும் மாட்டேன். மத்தியானம் நான் சோதித்தபோது மோட்டாரே ஓடவில்லை. கிழவி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே சரி!

"ஃப்யூஸ் ஏன் போகலை?" என்று இவர் கேட்டார். நிறைய கரண்ட் ஒரே நேரத்தில் பாய்ந்தால்தான் ஃப்யூஸ் போகும், ஆளைக் கொல்வதற்குக் கொஞ்சம் கரண்டே போதும், அது ஃப்யூஸுக்குத் தெரியவே தெரியாது என்றார் அந்தத் தம்பி. கரண்ட் இப்படி வழி மாறிக் கசிந்தால், 30 மில்லி ஆம்பியரிலேயே தானாக அணைந்துவிடும் கருவி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்கிறார்கள், கடையில் ஈ.எல்.சி.பி. என்று கேட்டாலும் அதைத்தான் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அது இல்லை. இப்போது வைத்திருக்கிறோம். அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது என் வேலை. அழுத்தினால் உடனே கரண்ட் போக வேண்டும், போகவில்லை என்றால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தம். நான் மாமியாரைத் தொட்டதற்கும் திட்டு வாங்கினேன். முதலில் மெயினை அணைத்திருக்க வேண்டுமாம். கரண்ட் பிடித்தவரைக் கையால் தொடவே கூடாதாம். எங்கள் மெயின் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் கரண்ட் என்றே தோன்றவில்லையே!

சுவரை உடைத்துப் புது ஒயர் இழுத்து, பைப் மாற்றி, பூசி, ஆஸ்பத்திரிச் செலவும் சேர்த்து இருபத்து மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. நகைச் சீட்டுக்கு வைத்திருந்த பணம் அது. போகட்டும். டேங்கின் அடியில் இப்போது ஒரு கேட் வால்வு வைத்தாயிற்று. மோட்டார் சுவிட்ச் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு டேங்கில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து, காலையில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி பிளம்பர் கற்றுக்கொடுத்தார். எப்போதாவது சந்தேகம் வந்தால் என் மகன் ஏறிக் குறித்துவிட்டு வருவான்.

என் மகன் குரைப்பதை நிறுத்திவிட்டான். இவர் ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார். மாமியார் ஒன்றும் சொல்லாமல் அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தார். ஆனால் இன்று வரைக்கும் அந்தச் சுவரில் அவர் கை வைப்பதில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறோம், அதைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார்.

போன வாரம் சமையலறைக் குழாய் சொட்டியது. இவர் வேலையிலிருந்து வருவதற்குள் நானே பிளம்பருக்குப் போன் செய்துவிட்டேன். வாஷர்தான் தேய்ந்திருந்தது, பத்து நிமிஷ வேலை. நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். மாமியார் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவர் தெருவைத் தாண்டியதும், "நூறு குடுத்திருந்தாலே போதும் கண்ணு" என்றார்.

- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்.