ஈட்டி எறிந்த கைகள் அமெரிக்கா போன கதை தெரியுமா?

ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். அங்கே ஊருக்கு ஊர் வாணவேடிக்கை நடக்கும் நாள். 2009-இல் அதே நாளில், அந்நாட்டின் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் இரண்டு இந்திய இளைஞர்கள் பந்து வீசினார்கள். அதற்கு முன் எந்த இந்தியக் குடிமகனும் அந்தக் களத்தில் இறங்கியதில்லை. அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு: ஒரு போட்டிக்காக 2008-இல் பந்தைக் கையில் வாங்கும்வரை இருவருக்கும் பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது!

ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று பெயர். ரிங்குவின் ஊர் உத்தரப் பிரதேசத்தில் பதோஹி பக்கம். சிவகாசிக்குப் பட்டாசு எப்படியோ, பதோஹிக்குக் கம்பளம் அப்படி. அப்பா லாரி ஓட்டுநர். வீடு நிறையப் பிள்ளைகள். தினேஷ் வாரணாசிப் பக்கத்துக் கிராமத்துப் பையன். லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் இருவரும் ஈட்டி எறிந்துகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் இந்தியாவில் வேகமாகப் பந்தெறியும் கையைத் தேடி 'மில்லியன் டாலர் ஆர்ம்' போட்டி வந்தது. கலந்துகொண்டவர்கள் 37,000 பேருக்கும் மேல்! கிரிக்கெட் வெறி பிடித்த நாட்டில் முதலிரண்டு இடத்தையும் தட்டிச் சென்றவர்கள் இந்த ஈட்டிக்காரர்கள். ரிங்குவின் பந்து மணிக்கு 140 கிலோமீட்டரில் பறந்தது. பரிசு ஒரு லட்சம் டாலர். இருவருக்கும் அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டி வீசினால் நோபால். பேஸ்பாலில் அந்தத் தடையே கிடையாது! முன்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளைச் சுழற்றி, கடைசியில் கையை விசிறுவது ஈட்டிக்கும் பேஸ்பாலுக்கும் பொது. பேஸ்பாலில் வீசுபவர் நிற்பது 18.44 மீட்டர் தள்ளி. பந்து மட்டையை எட்ட அரை வினாடிகூட ஆகாது!

லாஸ் ஏஞ்சல்ஸில் டாம் ஹவுஸ் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார்கள். ஆட்டத்தோடு ஆங்கிலமும் படித்தார்கள். அதே 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஆனால் அமெரிக்காவில் ஒப்பந்தம் ஆனவுடன் மேஜர் லீக் என்ற உச்சப் படியில் ஆடிவிட முடியாது; கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பினார். ரிங்கு 2011-இல் மேற்கு வர்ஜீனியா அணிவரை ஏறினார். அதன்பின் கைக் காயமும் அறுவை சிகிச்சையும் பாதையை அடைத்தன. அசராமல் மல்யுத்தத்துக்குப் போய், டபிள்யூடபிள்யூஈ மேடையில் 'வீர் மஹான்' ஆனார்! இவர்கள் கதை 2014-இல் ஹாலிவுட் படமாக வந்தது. இசை நம் ஏ.ஆர்.ரஹ்மான்.

மேஜர் லீக்கை நிஜமாகவே தொட்ட சிறுவர்களும் உண்டு. ஜோ நக்ஸ்ஹால் 1944-இல் சின்சினாட்டி அணிக்காகப் பந்துவீச இறங்கியபோது வயது 15. பள்ளி மாணவன்! அன்று செமத்தியாக அடிவாங்கினார். எட்டு ஆண்டு கழித்துத் திரும்பிவந்து 135 வெற்றிகள் குவித்தார். ஐயோவா மாநில விவசாயி மகன் பாப் ஃபெல்லர் 1936-இல் 17 வயதில், ஒரே ஆட்டத்தில் 17 பேரை அவுட்டாக்கினார். சீசன் முடிந்ததும் பள்ளிப் படிப்பை முடிக்க ஊருக்குப் போய்விட்டார்!

ரிங்குவையும் தினேஷையும் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் நினைவுக்கு வருகிறார்கள். 1920-களின் தொடக்கத்தில் இந்த இரண்டு சிவகாசி இளைஞர்களும் கல்கத்தாவுக்கு ரயிலேறி, ஊரில் யாருக்கும் தெரியாத தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். இன்றைய தீப்பெட்டி ஆபீஸ்களும் பட்டாசு ஆலைகளும் அந்தப் பயணத்தின் வாரிசுகள். தெரியாத வேலைக்குக் கூசாமல் கை நீட்டும் துணிச்சல் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சாத்தூரிலும் திருத்தங்கலிலும் விருதுநகரிலும் ஈட்டியைத் தூரமாய் எறியும் பிள்ளைகள் இருந்தால், உடற்கல்வி ஆசிரியர்கள் ஒருமுறை அந்தச் சிவப்புத் தையல் போட்ட வெள்ளைப் பந்தையும் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் பேஸ்பாலும் இருக்கிறது, தெரியுமா?