மலை ஏறும் காருக்கு எந்த ஒயில்?

வெல்லவாய கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேல். ஆள் நிரம்பிய கார் கொஸ்லாந்தை, பெரகலை வழியாக இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறும்போது எஞ்சின் ஒயிலின் சூடு 100 பாகையைத் தாண்டிவிடும். பிஸ்டன் வளையங்களின் அருகே 200க்கும் மேல். சிந்தெடிக் ஒயிலுக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு ஊவாவில் பலன் இருப்பது இந்த ஏற்றத்தில்தான். சிந்தெடிக் விளம்பரங்களில் காட்டும் பனியை மறந்துவிடலாம். 20டபிள்யூ ஒயிலின் குளிர்ச் சோதனையே மைனஸ் 15 பாகையில்தான். பண்டாரவளையின் மார்கழி விடியல் அதற்குக் கிட்டவும் வராது.

சாதாரண மினரல் ஒயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. எவ்வளவு சுத்திகரித்தாலும் சிறிதும் பெரிதுமாகப் பல மூலக்கூறுகள் கலந்தே இருக்கும். சூட்டில் சிறியவை ஆவியாகும். சில ஒட்சிசனோடு சேர்ந்து வால்வ் மூடிக்குள் கறுப்புக் களியாகப் படியும். சூடு 10 பாகை கூடினால் இந்தச் சீரழிவு ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகும் என்பது பொறியியலாளர்களின் கைக்கணக்கு. சிந்தெடிக்கின் மூலக்கூறுகள் ஆலையில் கட்டியவை, அல்லது அடியோடு மாற்றியமைத்தவை. பெரும்பாலும் ஒரே சீராக இருப்பதால் சூட்டைத் தாங்கும்.

அதற்காக எல்லா வண்டிக்கும் அதுவே வேண்டும் என்றில்லை. பெரகலையிலிருந்து எஞ்சின் பிரேக்கில் இறங்கி, அடிவாரத்தில் அக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நீலப் புகை கிளம்புகிறதா? இறக்கத்தில் எஞ்சினுக்குள் உண்டாகும் வெற்றிடம் தேய்ந்த வால்வ் சீல் வழியே ஒயிலை உறிஞ்சியிருக்கிறது. அந்த வண்டிக்குச் சிந்தெடிக் ஊற்றினால் காசுதான் புகையாகும். சீலை மாற்றுங்கள்; மினரல் ஒயிலே போதும், நேரத்துக்கு மாற்றினால். 2020இல் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. முதிய எஞ்சின்களுக்கு நம் வீதிகளில் குறைவில்லை.

அக்வா போன்ற ஹைபிரிட்டின் கதை வேறு. கையேடு கேட்பது 0டபிள்யூ-20. “தடிப்பா இருந்தா எஞ்சினுக்கு நல்லது” என்று சில கராஜ்களில் 20டபிள்யூ-50 ஊற்றிவிடுகிறார்கள். சூடான பிறகும் அது இரு மடங்கு தடிப்பு. நின்று நின்று ஓடும் எஞ்சினின் மேல்பகுதிக்குப் பிந்தியே போய்ச் சேரும். பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். மினரலா சிந்தெடிக்கா என்று கேட்குமுன் கையேட்டின் இலக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்று: சரிவில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் அளவு பிழையாகவே காட்டும். தோட்டத்தில் சமதரை கிடைப்பது கஷ்டம்தான். கொழுந்து மடுவத்து முற்றமோ பாடசாலை மைதானமோ, தட்டையான இடமாகப் பார்த்து எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள்.