உலைமூடியும் எரிபொருட் சிக்கனமும்

கிணறு வெட்டுதலும், சாலை அமைத்தலும், நல்விதை வழங்குதலும் கிராம அபிவிருத்தியைச் சார்ந்தவை என்பதை யாவரும் ஒப்புவர். அடுப்பின்மீதுள்ள பானைக்கு மூடியிடுதலும் அதைச் சார்ந்ததே என்று கூறின் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், வீடுதோறும் நாள்தோறும் நடைபெறும் காரியத்தில் சிறிது விரயம் நேரினும், ஊர் முழுவதற்கும் கணக்கிடுங்கால் அது பெருந்தொகையாகிவிடும். ஆகவே, மூடி செய்யும் வேலை யாது என்பதைச் சற்று ஆராய்வோம்.

கோடையில் மண்பானையில் வைத்த நீர் குளிர்ந்திருப்பதை நாம் அறிவோம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் புறத்தே ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் தேவை. அவ்வெப்பத்தைப் பானையினின்றே எடுத்துக்கொள்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. கோடையில் நமக்கு நன்மை செய்யும் இந்நியதியே, திறந்து கிடக்கும் உலையில் நமக்கு நஷ்டம் விளைவிக்கிறது. நாம் கீழிருந்து ஊட்டும் வெப்பத்தை மேலே எழும் ஆவி சுமந்து சென்றுவிடுகிறது.

அந்நஷ்டம் எவ்வளவு? 30 டிகிரி சூடுள்ள ஒரு லிட்டர் நீரை 100 டிகிரிக்குக் கொணர 70 கிலோ கலோரி வெப்பம் போதும். கொதிக்கும் அந்நீர் முழுவதையும் ஆவியாக்கவோ மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். அஃதாவது, அரைக்கால் லிட்டர் நீர் ஆவியாகிப் போனால், ஒரு லிட்டர் நீரைப் புதிதாகக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பம் வீணாயிற்று என்று கொள்ளலாம். மூன்று கல் கூட்டிய அடுப்பில், விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ, அதனினும் சற்று மிகுதியோதான் பாத்திரத்தைச் சேர்கிறது. ஆதலின் ஒரு லிட்டர் நீர் வீணே ஆவியாக ஏறத்தாழ ஒரு கிலோ உலர்ந்த விறகு செலவாகிறது. எரிவாயு அடுப்பாயின் சுமார் 75 கிராம் வாயு செலவாகும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் இவ்வாறு போகும் வீட்டில், ஆறு மாதத்தில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறக்குறைய முழுவதும் இதற்கே தீர்ந்துவிடும்.

மூடியிட்டவுடன் நிலைமை மாறுகிறது. எழும் ஆவி மூடியின் அடிப்புறத்தில் பட்டு, தான் கொண்ட வெப்பத்தை அதற்குக் கொடுத்து, மீண்டும் நீராகிப் பாத்திரத்தில் வீழ்கிறது. நீர்ப்பரப்பின்மேல் காற்று வீசிச் செல்வதும் தடைபடுகிறது. மூடிக்கடியில் ஆவி நிறைந்து நிற்பதால், கொதி வருமுன் புதிதாக எழும் ஆவியும் குறைகிறது. மூடியின் மேற்புறத்தினின்று சிறிது வெப்பம் வெளியேறுமாயினும், திறந்த உலையின் ஆவி கொண்டு செல்வதை நோக்க அது சொற்பமே. எனவே உலை விரைவில் கொதிக்கிறது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொதித்த பின்னும் தீயைக் குறைக்காவிடில் மூடியின் பயன் பெரும்பாலும் போய்விடும். சமவெளியில் திறந்த பாத்திரத்திலோ, சாதாரண மூடியிட்ட பாத்திரத்திலோ கொதிக்கும் நீரின் சூடு, எத்துணை விறகு எரித்தாலும் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மிகுதியான தீ ஆவியைப் பெருக்குமேயன்றி அரிசியை விரைவில் வேகவையாது. கஞ்சி பொங்கி வழிவதும் அதனாலேயே. ஆகவே, கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துத் தணலில் வேகவிடுதலே முறை. உலைமூடிக்குப் பதிலாக நீர் நிரப்பிய அகன்ற பாத்திரத்தை மேலே வைத்தால், அந்நீரும் இலவசமாகச் சூடேறும். பிரஷர் குக்கரில் ஆவி அடைபட்டு அழுத்தம் மிகுவதால் சூடு 120 டிகிரியை எட்டுகிறது. பருப்பு அதில் விரைந்து வேகும் காரணம் இதுவே. உதகமண்டலம் போன்ற உயர்ந்த இடங்களில் நீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கு குக்கர் இன்னும் அவசியமாகிறது.

மூடலாகாத சமயங்களும் உண்டு. கரும்புச் சாற்றை வெல்லமாகக் காய்ச்சுவோரும், பாலைச் சுண்டவைப்போரும் நீரைப் போக்குவதற்கே தீ மூட்டுகின்றனர். அங்கு மூடி இடையூறாகும். மரவள்ளிக் கிழங்கைத் தோல் நீக்கி, மிகுதியான நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிடுதல் நலம். அதிலுள்ள நச்சுப்பொருளில் ஒரு பகுதி ஆவியுடனும், ஒரு பகுதி வடித்த நீருடனும் அகன்றுவிடும். நெல் அவிக்கும்போதோ ஆவியே வேலை செய்வதால், அண்டாவைச் சாக்கினால் மூடுதல் தக்கது.

விறகு சுமப்போரும், புகையில் கண்ணெரிய நிற்போரும் பெரும்பாலும் நம் இல்லத்துப் பெண்மக்களே. அப்புகை அவர்களுடைய நுரையீரலையும், அருகிலிருக்கும் குழந்தைகளையும் நலியச் செய்கிறது. ஆதலின் ஒரு சுமை விறகு மிச்சமாவது பணத்தோடு நிற்பதன்று. உடல்நலமும் ஓய்வும் அதனுடன் மிச்சமாகின்றன.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் தனிக் கடமையுண்டு. சத்துணவு மையங்களிலும் அங்கன்வாடிகளிலும் உள்ள பெரும்பாத்திரங்களுக்குப் பொருத்தமான மூடிகள் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். நெளிந்த மூடியும், வாய்க்குச் சிறுத்த தட்டும் ஆவியைத் தடுக்கமாட்டா. பெரிய மூடியைத் திறக்கும்போது முன்விளிம்பை முகத்தின் பக்கமாகத் தூக்காமல், எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறக்கும்படி சமையற்பணியாளருக்குச் சொல்லிவைத்தல் அவசியம். ஆவியினால் நேரும் புண் கொடியது.

மகளிர் சுய உதவிக் குழுவினர் கூடும்போது ஒரு சோதனை செய்து காட்டலாம். ஒரே அளவான இரு பாத்திரங்களில் இரண்டிரண்டு லிட்டர் நீர் ஊற்றி, ஒன்றை மூடியும் மற்றொன்றைத் திறந்தும், ஒரே வகை அடுப்புகளில் ஒரே அளவுத் தீயில் கொதிக்கவைக்க வேண்டும். எது முதலில் கொதிக்கிறது என்று குறித்துக்கொண்டு, இரண்டும் கொதித்தபின் தீயைச் சமமாகக் குறைத்து இருபது நிமிஷம் வைத்திருந்து, ஆறியபின் எஞ்சிய நீரை அளந்து பார்க்கட்டும். எம் போன்றோர் எடுத்துரைப்பதைவிட, அவ்விரு அளவுகளும் ஊராருக்குத் தெளிவாக எடுத்துரைக்கும்.