மக்காச்சோளக் காட்டின் நடுவே கல்லூரி

அமெரிக்கக் கல்லூரி என்றதும் நம் வீடுகளில் பெரிய நகரமும் வானுயர்ந்த கட்டடமும்தான் கண்ணுக்கு வருகின்றன. அங்கே ‘லிபரல் ஆர்ட்ஸ்’ கல்லூரி என்று ஒரு வகை உண்டு. இதை நம் ஊர் ஆர்ட்ஸ் காலேஜோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இலக்கியமும் உண்டு, இயற்பியலும் உண்டு. பெரும்பாலும் இளநிலைப் படிப்பு மட்டுமே. இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் படித்தது அயோவா மாநிலத்துக் கிரின்னல் கல்லூரியில்தான். 1846-இல் தோன்றிய அக்கல்லூரியில் மாணவர் ஏறக்குறைய 1,700 பேர். ஊர் ஜனத்தொகையே பத்தாயிரத்தைத் தொடாது. சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும்.

ஏன் இப்படி ஒதுக்குப்புறத்தில் கட்டினார்கள்? 1824-இல் ஒஹையோவில் கென்யன் கல்லூரியை நிறுவிய பிலாண்டர் சேஸ் என்ற பிஷப், நகரத்துக் கெட்ட சகவாசம் பையன்களுக்கு வேண்டாம் என்று காம்பியர் குன்றைத் தேடிப் பிடித்தார். கலிபோர்னியப் பாலைவனப் பள்ளத்தாக்கில் 1917-இல் தொடங்கிய டீப் ஸ்பிரிங்ஸ் இன்னும் ஒரு படி மேலே. முப்பது பேருக்குள்தான் மாணவர்கள். மாடு பராமரிப்பதும் படிப்போடு சேர்த்தி. பாடம் நடக்கும் காலத்தில் பள்ளத்தாக்கை விட்டு வெளியே போவதில்லை என்று கட்டுப்பாடு. ஆக, இந்த இடங்களில் தனிமை தற்செயலாக வந்ததல்ல, வேண்டுமென்றே தேடிக்கொண்டது.

இதில் லாபமும் உண்டு. பேராசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் வியாபாரி, எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். பெரிய சந்தையில் ஒரு கடைக்காரரோடு மனஸ்தாபம் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். ஒரே கடை உள்ள கிராமத்தில் மறுநாளும் அவர் முகத்தில்தான் விழிக்கணும். வகுப்பிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் விடுதியிலும் அதே நூறு முகம். தோழியோடு சண்டை வந்தால் ஒதுங்க இடமில்லை. கூட்டமில்லாததால் வருகிற தனிமை ஒன்று, கூட்டத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்வதால் வருகிறது இன்னொன்று. பின்னதுதான் கடுமை என்பேன்.

ஆகஸ்ட் கடைசியில் போகும் பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் திருவிழா மாதிரி. நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டு, வெளியே பனி. கார் இல்லாதவனுக்கு அங்கே கால் இல்லை. நாம் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தபோது பாஷை தெரியாவிட்டாலும் ஒரு தமிழ் மெஸ்ஸாவது இருந்தது!

பெற்றோர் அறிய வேண்டியது இன்னொன்று. 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவேடு அவருக்கே உரியது. பொதுவாக, அவர் சம்மதமில்லாமல் மதிப்பெண்ணைக்கூட நமக்குச் சொல்ல மாட்டார்கள். பிள்ளை சாப்பிடாமல் அறையிலேயே கிடந்தாலும் கல்லூரியிலிருந்து போன் வரும் என்று நம்பியிருக்க முடியாது. அதனால் ‘மார்க் என்ன?’ என்று கேட்பதற்கு முன்னால், ‘இன்னிக்கு யாரோட உட்கார்ந்து சாப்பிட்டே?’ என்று கேளுங்கள். மனநல ஆலோசகர் கல்லூரியிலேயே உண்டா என்பதைச் சேரும்போதே விசாரியுங்கள். குளிர்கால விடுமுறையில் பல இடங்களில் விடுதியை மூடிவிடுவார்கள். அந்த வாரங்களில் எங்கே தங்குவது என்பதை அக்டோபருக்குள் முடிவு செய்து வைப்பது நல்லது. டிக்கெட் விலையும் அதற்குப் பிறகு ஏறிவிடும்.